வலிக்காத தீக்காயம்

பூவோங் அண்ணன் என் கடையில் ஆற்றைப் பார்த்து உட்காரமாட்டார். என் அடுப்பையும் பார்க்கமாட்டார். சுவரில் மாட்டியிருக்கும் பீர் கம்பெனி காலண்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தைத் தானே கொண்டுவந்து தொட்டியில் போட்டுவிட்டுப் போவார். மற்றவர்கள் என் கடைக்கு வருவதே ஆற்றைப் பார்த்து உட்காரத்தான். நூடுல்ஸ் அப்படியொன்றும் அமிர்தம் இல்லை என்று எனக்கே தெரியும்.

இருபத்துமூன்று வருஷம் அவர் என் கையால்தான் சாப்பிட்டார். காலையில் நூடுல்ஸ். மற்ற இரண்டு வேளைக்கும் மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறும் மிளகாய்த் துவையலும் கட்டிக் கொடுப்பேன். அவர் வீட்டில் அடுப்பு கிடையாது. இருந்த அடுப்பின் மூன்று கற்களையும் அவரே தூக்கிக் கொண்டுபோய் ஆற்றில் போட்டார். எங்கள் கரையில் காலையில் எழுந்து பார்த்தால் எல்லாக் கூரையிலும் புகை தெரியும், அவர் கூரையைத் தவிர.

அவருக்கு ஊரில் இரண்டு பெயர். முன்னால் சொல்வது 'மலேரியாக்காரர்'. முதுகுக்குப் பின்னால் சொல்வது 'நெருப்புக்காரன்'. இரண்டாவது பெயரைப் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊருக்கே உலை வைக்கிற என் வாய்க்குத்தான் முதலில் ஒரு மூடி போட்டிருக்க வேண்டும்.

முதல் பெயரைப் பற்றி முதலில் சொல்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், வீடு வீடாக நடந்து காய்ச்சல்காரர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டில் காத்திருக்க யாரும் இல்லாதவர் அவர் ஒருவர்தான். தோளில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பட்டையில் விட்டுக் கால் மணி நேரம் காத்திருப்பார். இரண்டு கோடு விழுந்தால் மலேரியா, ஒரு கோடு என்றால் இல்லை. ஆரம்பத்தில் இரண்டு கோடுதான் நிறைய விழுந்தது. மாத்திரை கொடுப்பார், மூன்றாம் நாள் ஆள் எழுந்து வயலுக்குப் போவான். முட்டையும் வாழைப்பழமும் அவர் வீட்டுத் தூணில் தொங்கும்.

அப்புறம் கொசுவலை வந்தது, மருந்து அடித்தார்கள், மலேரியா ஓய்ந்தது. ஆனால் காய்ச்சல் ஓயவில்லை. மழை பிடித்துவிட்டால் இரண்டு வீட்டுக்கு ஒருவர் போர்த்திக்கொண்டு நடுங்குவார். பூவோங் அண்ணன் குத்துவார், காத்திருப்பார், ஒரு கோடு விழும்.

"அப்ப இது என்ன காய்ச்சல்?"

"தெரியல."

நோட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு, 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று. அதில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் பெட்டியை மூடுவார். வைத்தியம் இல்லாத வைத்தியனை யார் மதிப்பார்கள்? என் கடையிலேயே ஒரு படகுக்காரன் அவர் காதுபடச் சொன்னான்.

"ரத்தத்தையும் எடுத்துக்கிட்டு, தெரியலன்னும் சொல்றதுக்கு ஒரு ஆளு. தெரியலன்னு நானே சொல்லிப்பேனே, ரத்தமாவது மிஞ்சும்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். நான்கைந்து வருஷத்தில் முட்டையும் வாழைப்பழமும் நின்றுபோயின. அவர் நடப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இனி அந்த இரண்டாவது பெயர்.

பிள்ளை பெற்றவள் எங்கள் பக்கத்தில் தீப்படுக்கையில் கிடப்பாள். மூங்கில் கட்டிலுக்குக் கீழே கங்கு, மேலே அவள். அத்தனை நாளும் தீயைப் பார்த்துக்கொள்வது புருஷன் வேலை. அணையவும் விடக்கூடாது, அதிகமாகவும் போடக்கூடாது. எங்காவது கொஞ்சம் தோல் சுட்டுப் போவது சகஜம்தான். நான் மூன்று தடவை கிடந்தேன், மூன்று தழும்பு இருக்கிறது, என் வீட்டுக்காரனின் கவனம் அவ்வளவுதான்.

பூவோங் அண்ணனின் மனைவி கேசோன் பெண்குழந்தை பெற்று ஆறாம் நாள் காய்ச்சலில் விழுந்தாள். தின்னக்கூடாததைத் தின்றிருப்பாள் என்றார்கள். அவள் சுட்ட உப்பும் சோறும் தவிர எதையும் தொடவில்லை. வேர் அவித்த தண்ணீர் கொடுத்தார்கள், மணிக்கட்டில் நூல் கட்டி உயிரைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள். உடம்பைக் கழுவியது அவளுடைய அக்கா தாவன். இடுப்பின் பின்பக்கம், மடிப்பில், நகம் அளவுக்கு ஒரு கருகிய பொருக்கைப் பார்த்தாள். வெளியே வந்து, அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

"தீய அள்ளிப் போட்டு என் தங்கச்சிய சுட்டுட்டியேடா! ரத்தம் கொதிச்சுச் செத்துட்டாளேடா!"

 பன்னிரண்டு நாளும் தூங்காமல் அந்தக் கங்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தவர், தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தாவன் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கரையிலிருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அலுனி என்று பெயர் வைத்து வளர்த்தாள். அந்தப் பெண்ணுக்கு விவரம் தெரிந்தபோது தெரிந்தது ஒன்றுதான், தன் அப்பன் தன் அம்மாவைச் சுட்டுக் கொன்றவன். அக்கரையில் அவள் துணி துவைப்பது என் கடையிலிருந்து நன்றாகத் தெரியும். அவர் காலண்டரைப் பார்த்துச் சாப்பிட்டதன் காரணம் இதுதான்.

போன வருஷம் நெல் நடவு முடிந்ததும் மாவட்ட ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பயிற்சி என்று போனார். திரும்பி வந்த அன்று சாப்பிடவில்லை. கிண்ணம் ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

"புவாலா," என்று கூப்பிட்டார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டே வருஷக்கணக்காகிறது. "உன் கையில எத்தன தீக்காயம் பட்டிருக்கும்?"

"எண்ணிப் பாத்தா என் வயசவிட அதிகம் இருக்கும். எதுக்குண்ணே?"

"வலிக்காத தீக்காயம் எதாவது உண்டா?"

"நல்லா கேட்டீங்க! கடுகளவு பட்டாலும் காலையில வரைக்கும் காந்தும். வலிக்காத தீக்காயம் எந்த ஊர்ல இருக்கு?"

அவர் ஆறிய நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் என் சமையலைக் குறை சொல்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த மாதம் அலுனிக்கு ஆண்குழந்தை பிறந்தது. அக்கரையில் பட்டாசு வெடித்த மாதிரி தாவன் அக்காவின் குரல் கேட்டது. பூவோங் அண்ணன் அன்று வழக்கம்போல் சாப்பிட்டார். தண்ணீர் மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஏழாம் நாள் காலை அலுனியின் புருஷன் செங் படகைக் கட்டிவிட்டு இஞ்சி வாங்க என் கடைக்கு வந்தான். இருபத்துநாலு வயசுப் பையன். கண்ணெல்லாம் புகையில் சிவந்து கிடந்தது.

"எப்படிடா இருக்கா?"

"நேத்துலேர்ந்து காய்ச்சல் அத்தே. உடம்பு கொதிக்குது. அம்மா என்னத்தான் திட்றாங்க." தாவன் அக்காவைத்தான் அவன் அம்மா என்பான். "தீ நான்தான் பாத்துக்கறேன். அதிகமா போடவே இல்ல அத்தே, சத்தியமா அதிகமா போடல."

காலண்டர் பக்கத்திலிருந்து கரண்டி கிண்ணத்தில் விழும் சத்தம் கேட்டது. பூவோங் அண்ணன் எழுந்து நின்றார்.

"அவ இடுப்புல, அக்குள்ல, எங்கயாவது கறுப்பா பொருக்கு இருக்கா?"

செங் என்னைப் பார்த்தான். மாமனாரிடம் பேசக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு. "நான் பாக்கல... மாமா," என்றான், அந்தக் கடைசி வார்த்தையைக் காற்றோடு.

"பிரசவத்துக்கு முன்ன புதர்க்காட்டுப் பக்கம் போனாளா?"

"விறகு பொறுக்க என்கூட வந்தா. வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "அடுப்ப அணைச்சிட்டு வா."

"கடைய யார் பாப்பா, உங்க காலண்டரா?" என்று சொல்லிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அடுப்பை அணைத்தேன்.

படகில் ஏறினோம். இருபத்துமூன்று வருஷமாக அவர் அந்த ஆற்றைத் தாண்டியதில்லை. நடு ஆற்றில்தான் விஷயத்தைச் சொன்னார். பயிற்சியில் ஒரு சின்ன டாக்டரம்மா படம் காட்டினாளாம். புதரில் ஒரு உண்ணி இருக்கிறது, கண்ணுக்கே தெரியாது, கடித்தாலும் தெரியாது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடம் கருகிப் பொருக்குத் தட்டியிருக்கும், பார்த்தால் சிகரெட்டால் சுட்டது மாதிரி. தொட்டால் வலிக்காது. கண்டுபிடித்துவிட்டால் மாத்திரைக்குக் கேட்கும், விட்டுவிட்டால் ஆள் போய்விடும்.

"அந்தப் படத்த எனக்கு முன்னாடியே தெரியும் புவாலா," என்றார்.  அப்போதுதான் அவர் கேட்ட கேள்வியின் அர்த்தம் எனக்கு விளங்கியது. ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

தாவன் அக்கா வீட்டு ஏணியில் மூங்கிலில் பின்னிய தடைக்குறி தொங்கியது. வெளி ஆண்கள் ஏறக்கூடாது. அண்ணன் அதைத் தாண்டவில்லை. தூண்களின் மேல் நின்ற அந்த வீட்டுக்கு அடியில், கோழிக்கூண்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். மேலே மூங்கில் தரை இடுக்கு வழியாகப் புகை கசிந்தது.

"அக்கா," என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். "பூவோங் வந்திருக்கேன்."

மேலே நடமாட்டம் நின்றது. பிறகு தரை இடுக்கு வழியாகவே தாவன் அக்காவின் குரல் இறங்கியது.

"யாரு கூப்பிட்டா உன்ன? அம்மாவ எரிச்சது பத்தாதா? இங்கயும் தீ பாக்க வந்தியா?"

"நான் ஏறல. புவாலாவ அனுப்புறேன். அலுனி உடம்பு முழுக்க பாக்கணும்."

"பாத்து? உன் நோட்டுல தெரியலன்னு எழுதிக்குவியா?"

"இந்தத் தடவ தெரியும் அக்கா."

அந்தக் குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. தாவன் அக்கா பதில் சொல்லுமுன் நான் ஏறிவிட்டேன். பெண்பிள்ளைக்குத் தடை இல்லை, அதுவும் என்னைத் தடுக்க அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை.

அலுனி கண்ணை மூடிக் கிடந்தாள். கேசோனே கிடக்கிற மாதிரி இருந்தது.  குழந்தை பக்கத்தில் வீரிட்டு அழுதும் அவள் திரும்பவில்லை. நானும் தாவன் அக்காவும் அவளைப் புரட்டினோம். அக்குளில் இல்லை, தொடையில் இல்லை. இடுப்புத் துணியைத் தளர்த்தியதும், பின்பக்க மடிப்பில், நகம் அளவுக்கு, கறுப்பாக இருந்தது.

தாவன் அக்கா பின்னால் சாய்ந்தாள். பிறகு ஏணிப் பக்கம் பாய்ந்து, கீழே நின்ற செங்கைப் பார்த்துக் கத்தினாள். "நீயும் சுட்டுட்டியேடா பாவி! நீயும் சுட்டுட்டியே!"

"அம்மா, நான் போடல அம்மா!" பையன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதான். அண்ணன் குனிந்து அவன் தோளில் கை வைத்ததைத் தரை இடுக்கில் பார்த்தேன்.

"புவாலா," என்று அவர் குரல் வந்தது. "அமுக்கிப் பாரு. வலிக்குதான்னு கேளு."

ஓரத்தில் விரலால் அமுக்கினேன். "அலுனி, கண்ணு, இங்க வலிக்குதா?"

"எங்க?" என்றாள்.

இன்னும் அழுத்தினேன். "இங்க, சுட்ட இடத்துல."

"சுடவே இல்லயே அத்தே. தலதான் வலிக்குது."

"என்ன சொன்னா?" கீழேயிருந்து கேட்டார். "என்ன சொன்னா புவாலா?"

"வலிக்கலயாம் அண்ணே."

 தாவன் அக்கா அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தயங்கித் தயங்கி ஒரு விரலை வைத்து அமுக்கினாள். அலுனி முகம் சுளிக்கவில்லை. நான் எனக்குத் தெரிந்த மட்டும் அந்த உண்ணியைப் பற்றிச் சொன்னேன். தாவன் அக்கா காதில் விழுந்ததா என்று தெரியாது.

"என் தங்கச்சிக்கும் இதே எடம்," என்றாள். "இதே எடந்தான்."

"அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்," என்று அண்ணன் கீழேயிருந்து சொன்னார். "இன்னிக்கே."

பாதியில் தீப்படுக்கையை விட்டு எழுப்பினால் ஆள் தேறமாட்டாள் என்பது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். தாவன் அக்கா முடியாது என்றால் யாரும் அவளை மீறியிருக்க முடியாது. அவள் எழுந்தாள். வேர்த்தண்ணீர்ப் பானையை இரண்டு கையாலும் தூக்கி, கங்கின் மேல் அப்படியே கவிழ்த்தாள். வீடு முழுக்க ஆவி அடைத்துக்கொண்டது.

படகில் இறக்கி, பிறகு கைடிராக்டர் வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்து, மத்தியானத்துக்குள் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா பார்த்ததும் தலையாட்டி மாத்திரையை ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் காலை அலுனி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். பூவோங் அண்ணன் அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, அலுனிக்கு நூல் கட்டும் சடங்குக்குத் தாவன் அக்கா செங்கை அனுப்பி அவரையும் கூப்பிட்டாள். போனார். எல்லாருக்கும் பின்னால், கதவோரம் உட்கார்ந்தார். தாவன் அக்கா கூட்டத்தைத் தாண்டி வந்து அவர் மணிக்கட்டில் நூல் கட்டினாள். இரண்டு தடவை கட்டியும் முடிச்சு விழவில்லை.

"நான் உன்ன அத்தன பேர் முன்னாடி..." என்று ஆரம்பித்தாள்.

"விடுங்க அக்கா."

அலுனி குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.  கடைசியில் "இந்தாங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் குழந்தையைத் தொடாமல், கையை இரண்டு பக்கமும் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் இருந்ததைப் பார்த்தபடி இருந்தார். சூடான பாத்திரத்தைத் தொடப் பயப்படுகிற ஆள் மாதிரி இருந்தது. குழந்தை அழுததும் அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பும்போது படகில் நாங்கள் இரண்டு பேர்தான். சந்தோஷப்படுவார் என்று நினைத்துச் சொன்னேன்.

"இப்பவாவது ஊருக்குத் தெரிஞ்சுச்சே அண்ணே, நீங்க சுடலன்னு. நானும்தான் நரம்பில்லாத நாக்கால கண்டதையும் பேசினேன். மனசுல வச்சுக்காதீங்க."

"ஊர் கிடக்கு," என்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தப் பொருக்க நான் பத்தாம் நாளே பாத்துட்டேன் புவாலா. வலிக்குதாடின்னு கேட்டேன். இல்லன்னா. மறுபடி கேட்டேன். இல்ல, நீ சுடல, தீ சரியாத்தான் இருக்குன்னா. மூணு தடவ கேட்டேன், மூணு தடவயும் சொன்னா. எனக்கு மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு பொய் சொல்றான்னு நினைச்சேன். இருபத்துமூணு வருஷமா அவள ஒரு பொய்க்காரியா நினைச்சு அழுதிருக்கேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே? யாருக்கும் தெரியாது."

"அவளுக்குத் தெரிஞ்சுது. வாயத் திறந்து சொன்னா. நான்தான் நம்பல." பிறகு, "அப்ப விறகு பொறுக்க அவள நான்தான் கூட்டிட்டுப் போனேன்," என்றார்.

கரை வந்தது. அவர் உடனே எழவில்லை. நான் இறங்கிப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவர் சாப்பிட வரவில்லை. காலண்டர் பக்கத்து மேசை காலியாக இருந்தது. வெளியே வந்து பார்த்தால் அவர் கூரையில் புகை. வீடுதான் பற்றிக்கொண்டது என்று கையிலிருந்த கரண்டியோடு ஓடினேன்.

ஆற்றிலிருந்து மூன்று கல் பொறுக்கி வந்து அடுப்புக் கூட்டியிருந்தார். கல் ஈரம் காயாமல் புகைந்தது. தாவன் அக்கா கட்டிய நூலில் கரி பட்டிருந்தது. அடுப்பிலிருந்த பானையின் வாயில் வைத்த மூங்கில் கூடையில் ஒட்டரிசி ஆவியில் வெந்துகொண்டிருந்தது, கூடை கொள்ளாமல்.

"யாருக்குண்ணே இவ்வளவு? விருந்தா?"

அவர் கூடையைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது.

"ரெண்டு பேருக்கு ஊறப்போட்டுட்டேன். எனக்கு அந்த அளவுதான் தெரியும்."

கடையில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று தெரிந்தும் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு பங்கை எடுத்து என் முன்னால் வைத்தார். சோறு அரைவேக்காடு. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.